புதுப்பிப்பு: 60-களின் அமெரிக்க சோல் இசை சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு இசைத்தட்டுகள்), இந்த முறை ஸ்டைரீன் (வினைலுக்குப் பதிலாகப் பயன்பட்ட பிளாஸ்டிக்)

அசல் தட்டையும் போலியையும் நடுவிலுள்ள லேபிளின் அச்சை வைத்துப் பிரிப்பது பற்றிப் போன இழையில் எழுதியிருந்தேன். இப்போது லேபிளுக்கு வெளியே, பாட்டில்லாத வளையம். சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள்: வட்டத்துக்குள் 'எம்ஆர்' முத்திரையும் சிறு முக்கோணத்தோடு ஓர் எண்ணும் இருந்தால் லாஸ் ஏஞ்சலஸின் மொனார்க் என்ற இசைத்தட்டு ஆலையில் அச்சான தட்டு. பெரும்பாலும் ஸ்டைரீன்தான்.

ஸ்டைரீனில் லேபிளைத் தட்டு வார்த்த பிறகுதான் ஒட்டினார்கள். அதனால் ஓரம் பெயரும். தேய்ந்த ஊசியை வைத்துத் தட்டை முன்னும் பின்னும் சுழற்றியிருந்தால் பாட்டின் தொடக்கம் 'ஷ்ஷ்' என்று இரையும். ஒலி பதிந்த பள்ளமே அரிபட்டது, கழுவினாலும் போகாது. ஆல்கஹால் கலந்த திரவம் ஸ்டைரீனுக்கு வேண்டவே வேண்டாம். காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு போதும். லேபிள் நனையக்கூடாது.

விற்பவர் 'மிண்ட்' (புதிது போன்றது) என்றால் முதல் 10 விநாடி ஒலிப்பதிவைக் கேட்டு வாங்குங்கள். பளபளப்பை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.