டச்சுக் கல்லறைக்கு வெள்ளையடிக்க வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். பழவேற்காடு டச்சுக் கல்லறையைப் பணம் திரட்டிச் சுத்தம் பண்ணி வெள்ளையடிக்கலாம் என்று துபாய் அண்ணன் எழுதியிருந்தார். ஊர் மேல் இருக்கிற பாசம்தான், ஆனாலும் வேண்டாம் அண்ணே. அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம், நாமாகக் கை வைக்க முடியாது. சட்டத்தை விடுங்கள், சுண்ணாம்பு அடித்தால் கல்லில் புடைப்பாகச் செதுக்கிய எழுத்தெல்லாம் அடைந்துபோகும், உப்புக்காற்று விட்டுவைத்ததை நாமே அழித்ததாக ஆகிவிடும்.

வாசலில் நிற்கிற இரண்டு கல் எலும்புக்கூடு சிற்பங்களைத் தவிர நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைப் பற்றி என்ன தெரியும்? 1613இல் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை இங்கே எழும்பியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தலைமையிடம் நம்ம ஊர்தான். இங்கே நெய்த துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள், வெடிமருந்துகூட இங்கே செய்தார்கள். அந்த வியாபாரத்துக்காக வந்து இங்கேயே செத்துப்போன அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும்தான் குடும்பச் சின்னம் பொறித்த அந்தக் கற்களுக்கு அடியில் கிடக்கிறார்கள். கோட்டை இடிந்து புதராகிவிட்டது, கல்லறை நிற்கிறது.

ஆனால் இதையும் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. பஞ்சத்தில் வயிற்றுக்கில்லாமல் விற்கப்பட்டவர்கள் உட்பட ஆயிரக்கணக்கான நம் ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பியதும் இதே கம்பெனிதான், இதே துறைமுகத்திலிருந்துதான். அவர்களுக்கு ஊரில் ஒரு கல்கூடக் கிடையாது. கல்லறையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதனால் என் யோசனை இதுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். காலையில் வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும், கல்லைத் தேய்க்கவோ தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். ஹாலந்தில் இருக்கிற நம்மவர்கள் யாரையாவது பிடித்து அதைப் படித்துச் சொல்லச் சொல்லலாம். தமிழில் எழுதி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிற அச்சுச் செலவு என்னுடையது.

பக்கத்தில் மனை பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அளந்து பாருங்கள்.

யார் யார் போகிறீர்கள் என்று இந்த மடலுக்கே பதில் போடுங்கள், கற்களைப் பிரித்துக்கொள்ளலாம்.