பாலம் வந்தபின் படுவான்கரைக்கு என்ன வந்தது?

கேள்வி – வெல்லாவெளி மாணவன்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நெல்லும் பாலும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகின்றன. ஆலைகள், வங்கிகள், பெரிய பாடசாலைகள், போதனா வைத்தியசாலை எல்லாம் மறுபக்கத்தில் இருக்கின்றன. 2014இல் ஜப்பானின் உதவியுடன் இரு கரைகளையும் இணைக்கும் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது இந்த ஏற்றத்தாழ்வு குறையும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். பத்தாண்டுகள் கடந்தும் அப்படித் தெரியவில்லை. போக்குவரத்து வசதி வந்தால் பின்தங்கிய பகுதி முன்னேறும் என்ற பாடம் இங்கே ஏன் பொருந்தவில்லை?

பதில் 1 – கொக்கட்டிச்சோலை விவசாயி

தம்பி, பாலத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. மண்முனைத்துறையில் பாதைக்காக, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் மிதவைக்காக, வெயிலில் காத்து நின்றவன் நான். காற்று எழும்பினால் பாதை ஓடாது, நோயாளியை வைத்துக்கொண்டு அக்கரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த நிலை போய்விட்டது.

ஆனால் நெல்லின் கதை வேறு. இப்போது அறுவடை முடிந்த வட்டைக்கே (வயல்வெளிக்கே) லொறி வந்துவிடுகிறது. ஈரம் என்று சொல்லி மூடைக்கு இரண்டு மூன்று கிலோவைக் கழித்து, அன்றைக்குச் சொன்ன விலையில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். காயவைக்கத் தளமோ வைத்திருக்கக் களஞ்சியமோ இல்லாத, உரத்தைக் கடனுக்கு வாங்கிய ஒருவன் எப்படி மறுப்பான்? நெல் போன பாலத்தாலேயே அரிசியை நாங்கள் விலைகொடுத்துத் திரும்பக் கொண்டுவருகிறோம். தவிடுகூட அங்கேதான் நின்றுவிடுகிறது.

பதில் 2 – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரையம்பதி

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முன்பு படுவான்கரைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர்களில் பலர் அங்கேயே தங்கினார்கள். மாலை வகுப்பு நடந்தது, கடைக்கு வியாபாரம் இருந்தது. இன்று பாடசாலை விட்ட சிறிது நேரத்தில் பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் கிழக்கு நோக்கி வரிசையாக வருவதைக் காணலாம். சம்பளம் அங்கே உழைக்கப்பட்டு இங்கே செலவாகிறது. வெற்றிடமாகவே கிடந்த பாடங்களுக்கு ஆள் கிடைத்ததும் இதே பாலத்தால்தான் என்பதை நான் மறைக்க மாட்டேன்.

பதில் 3 – கல்முனைவாசி

இது உங்கள் வாவிக்கு மட்டும் உரிய விடயமன்று. புகையிரதப் பாதை மட்டக்களப்புடன் முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை எல்லாம் பஸ்ஸும் லொறியும்தான். 2011இல் தொடங்கிய அதிவேக நெடுஞ்சாலைகளோ பெரும்பாலும் கொழும்பையும் தெற்கையும் சுற்றியே அமைந்தன. நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கும் மேல் மாகாணத்திலேயே உருவாகிறது. வீதி இரு திசைக்கும் செலவைக் குறைக்கிறது. ஆகவே ஏற்கெனவே ஆலையும் மூலதனமும் சந்தையும் உள்ள பக்கம்தான் முதலில் பயன் பெறும். மறுபக்கத்தில் களஞ்சியம், ஆலை, மாலையிலும் ஓடும் பஸ், மாரியில் மூழ்காத உள்வீதி ஆகியவை சேர்ந்து வராவிட்டால் மூலப்பொருள் வெளியேறும் வேகம்தான் கூடும்.

தம்பி, ஒப்படை எழுதுவதாக இருந்தால் அறுவடைக் காலத்தில் ஒரு நாள் காலையிலிருந்து பாலத்தடியில் நின்று, எந்த லொறி எதை ஏற்றி எந்தத் திசையில் போகிறது, எது வெறுமையாகத் திரும்புகிறது என்று குறித்து வந்து இங்கே பதிவிடுங்கள்.