நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் நிர்வாகத்தை எந்த நாளை வைத்து எடை போடுவது?

2025 ஜூன் 12 அன்று மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டில் இருந்தேன். முதல் பேஸைக் காக்க ஓடிவந்த எங்கள் பிட்சர் (பந்தெறிபவர்) கோடாய் செங்கா, முதல் பேஸ்மேன் பீட் அலோன்சோ எறிந்த பந்துக்கு எம்பிப் பிடித்தார். தொடைத் தசை போய்விட்டது. ஆனாலும் ஜெயித்தோம். 45 வெற்றி, 24 தோல்வி. லீக் முழுவதற்கும் நாங்கள்தான் முதலிடம். பக்கத்து இருக்கையில், மெட்ஸின் பழைய மைதானமான ஷே ஸ்டேடியம் காலத்துப் பெரியவர் ஒருவர். கைதட்டவே இல்லை. “இனி பிட்சருக்கு எங்கே போவார்கள்?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு 38 வெற்றி, 55 தோல்வி.

பேட்டர் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 765 மில்லியன் டாலர் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் அடிக்கத்தான் செய்தார். என் கோபமெல்லாம் பிட்சிங்மேல். யாங்கீஸ் அணியில் ரிலீவராக (ஆட்டத்தின் நடுவில் வந்து எறிபவராக) இருந்த கிளே ஹோம்ஸை ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கி எறிபவராக) மாற்றினார்கள். ஸ்டார்ட்டர்களில் ஃபிராங்கி மோன்டாஸ் சீசன் தொடங்கும் முன்பே காயம். கிரிஃபின் கேனிங் ஜூனில் குதிகால் தசைநாண் அறுந்து உட்கார்ந்தார். ஆறாவது இன்னிங்ஸைத் தாண்ட பெரும்பாலும் டேவிட் பீட்டர்சன் ஒருவரையே நம்ப வேண்டியிருந்தது; மற்ற நாட்களில் புல்பென், அதாவது ரிலீவர் கூட்டம், தேய்ந்தது. ஜூலையில் ரிலீவர் ரயன் ஹெல்ஸ்லியை வாங்கியபோது நான் துள்ளிக் குதித்தவன். அவர் சொதப்பியதற்காக இப்போது, அவரை வாங்கிய நிர்வாகத் தலைவர் டேவிட் ஸ்டேர்ன்ஸைத் திட்ட எனக்கு நியாயமில்லை. ஆனால் அந்தப் பெரியவர் கேட்டதைக் குளிர்காலத்திலேயே நிர்வாகம் கேட்டிருக்க வேண்டும். அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

உங்களுக்கு இப்படி யாரையாவது சந்தித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 1

நான் சிட்டி ஃபீல்டு இருக்கும் ஃப்ளஷிங்வாசி. செப்டம்பர் 28, கடைசி ஆட்டம், மயாமியில். பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்குக் காத்திருந்தபடி போனில் பார்த்தேன். மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நிற்க அலோன்சோ விளாசிய பந்து நேராக இடது ஃபீல்டரின் கையுறைக்குள் போனது; அவுட். 4-0 தோல்வி. கடைசி பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்று) இடத்துக்கு எங்களோடு போட்டியிட்ட சின்சினாட்டியும் அன்று தோற்றது, அதுதான் வயிற்றெரிச்சல். இரு அணிக்கும் 83-79; நேருக்கு நேர் மோதியதில் அவர்கள் கை ஓங்கியிருந்ததால் பிளேஆஃப் அவர்களுக்கு. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மாமா, “அந்தப் பந்து ரெண்டடி தள்ளிப் போயிருந்தா இதே ஸ்டேர்ன்ஸை மேதைன்னு சொல்லியிருப்போம்பா” என்றார். அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது சரியென்று படுகிறது. சார், நீங்கள் சொல்வதுபோல குளிர்காலத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுத வேண்டும்.

மறுமொழி 2

அண்ணா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆகஸ்டில் வந்து அணியைத் தாங்கிய பிட்சர் நோலன் மெக்லீன், ஸ்டேர்ன்ஸ் வருவதற்கு முன், 2023 ஜூலை டிராஃப்டில் (புது வீரர்கள் தேர்வில்), முந்தைய பொது மேலாளர் பில்லி எப்லர் காலத்தில் எடுக்கப்பட்டவர். 75-87 என்று முடிந்த அந்த வருடம் நாம் எப்லரை என்ன பாடுபடுத்தினோம்!

டிசம்பரில் அலோன்சோ பால்டிமோருக்கும் ரிலீவர் எட்வின் டியாஸ் டாட்ஜர்ஸுக்கும் போனார்கள். அதற்கு முன்பே ஃபீல்டர் பிராண்டன் நிம்மோவை டெக்சாஸுக்குக் கொடுத்தாயிற்று. 7ஆம் எண் ரயிலில் 20 என்று போட்ட சட்டையோடு ஒரு சிறுமி தன் அப்பாவிடம், “இதை இனி போடலாமா?” என்று கேட்டாள். மெட்ஸ் வரலாற்றிலேயே அதிக ஹோம் ரன் அடித்த அலோன்சோவின் சட்டை அது. அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, “போடும்மா, அவர் அடிச்சது அடிச்சதுதான்” என்றார்.