சின்சினாட்டியில் 1880களில் இறந்தவரின் பதிவு, எங்கே தேடலாம்?

வணக்கம். என் கணவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்காரர், ஜெர்மன் வழி. அவருடைய எள்ளுத்தாத்தா 1880 மக்கள்தொகைக் கணக்கில் சின்சினாட்டியில் குடும்பத்தோடு இருக்கிறார், 1900இல் மனைவி மட்டும், விதவை என்று. நடுவில் உள்ள 1890 கணக்குத்தான் தீயில் போச்சே!

ஒஹாயோவில் 1867 முதல் 1908 கடைசி வரை இறப்பைப் பதிந்தது கவுண்டி (மாவட்டம் மாதிரி) நீதிமன்றம், அதனால் மாநில அலுவலகத்தைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. சின்சினாட்டி இருக்கும் ஹாமில்டன் கவுண்டியிலோ 1884 கலவரத்தில் நீதிமன்றக் கட்டடமே எரிந்துவிட்டது. சின்சினாட்டி பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கும் நகர இறப்பு அட்டைகளில் குடும்பப் பெயரை மில்லர், முல்லர், மியூலர் என்று எப்படி மாற்றிப் போட்டாலும் வயது ஒத்துவரவில்லை. ஹேய்ஸ் அதிபர் நூலகத்தின் இரங்கல் குறிப்பு அட்டவணையிலும் ஆள் இல்லை.

அந்த ஊர் ஜெர்மன் நாளிதழ்களில் மரண அறிவிப்பு தேடிய அனுபவம் யாருக்காவது உண்டா? அந்தப் பழைய அச்செழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிகிறது, வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் புண்ணியமாப் போகும். அப்புறம், குடும்பம் கத்தோலிக்கம். அடக்கப் பதிவேட்டுக்குப் பங்குக் கோயிலுக்கு எழுதுவதா, நேரே பேராயர் அலுவலகத்துக்கா? அந்தப் பக்கம் நூலகத்துக்குப் போகிறவர்கள் சொல்லுங்கள், நகல் செலவை அனுப்பிவிடுகிறேன்.