நான்காவது கம்பி சேர்த்தால் பீமின் வளைவு வலிமை போதுமா?

கேள்வி (ஒத்தக்கடை):
வணக்கம். நான் மேற்பார்வை பார்க்கும் வீட்டில், 5 மீட்டர் இடைவெளிக்கு, இரு முனைகளிலும் சுவரில் அமரும் 230 × 450 மி.மீ. பீம் ஒன்று வருகிறது. எம் 20 கான்கிரீட் (நசுக்கு வலிமை ச.மி.மீ.க்கு 20 நியூட்டன்), எஃப்இ 500 கம்பி (விளைவுத் தகைவு, அதாவது கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, ச.மி.மீ.க்கு 500 நியூட்டன்). கம்பியை மூடும் கான்கிரீட்டான கவர் 25, கம்பிகளைச் சுற்றிவரும் ரிங் 8 மி.மீ. போகப் பயனுறு ஆழம் (மேல் விளிம்பிலிருந்து கம்பியின் மையம் வரை) 409 மி.மீ. பாதுகாப்புக்காகப் பளுவைப் பெருக்கும் பளுக் காரணி 1.5 சேர்த்துத் தேவைப்படும் திருப்புத்திறன் (வளைவைத் தாங்கும் திறன்) 108 கிலோநியூட்டன் மீட்டர். அடியில் 16 மி.மீ. கம்பி மூன்று வைத்தால் 89.8தான் கிடைக்கிறது, நான்கு வைத்துக் கணக்கிட்டால் 112 வருகிறது. கம்பி கூடினால் நல்லதுதானே என்கிறார் கொத்தனார். இதை நம்பிச் சென்ட்ரிங் அடிக்கச் சொல்லலாமா?

பதில் 1:
வேண்டாம், தம்பி. 112 என்பது கம்பி முழுதாக இழுபட்டு 0.87 மடங்கு விளைவுத் தகைவை எட்டிவிட்டது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. நான்கு கம்பியின் பரப்பு 804 ச.மி.மீ.; அதன் இழுவிசையை 0.36 × 20 × 230-ஆல் வகுத்தால் நடுநிலை அச்சின் (அமுங்கும் மேற்பகுதியும் இழுபடும் கீழ்ப்பகுதியும் பிரியும் கோடு) ஆழம் 211 மி.மீ. ஆகிறது. இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456:2000 எஃப்இ 500 கம்பிக்கு அனுமதிக்கும் எல்லை பயனுறு ஆழத்தில் 0.46 மடங்கு, அதாவது 188 மி.மீ. மட்டுமே. 211-இல் அச்சு நின்றால், மேல் விளிம்புக் கான்கிரீட் நசுங்கும் 0.0035 திரிபை (நீள மாற்றத்தின் விகிதம்) அடையும்போது கம்பியின் திரிபு 0.0033 அளவிலேயே இருக்கும். விளைவுக்கோ சுமார் 0.0042 வேண்டும். அப்படிப்பட்ட பீம் விரிசலாலும் தொய்வாலும் போதிய எச்சரிக்கை தராமல் திடீரென உடையும். ஆகவே எல்லை ஆழத்தை வைத்தே கணக்கிட வேண்டும்: 102.8. உங்கள் தேவைக்கு அது போதாது.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, எல்லையைச் சரிபார்க்காதது என் பிழை. கான்கிரீட்டை எம் 25 ஆக்கினால் அச்சு 169 மி.மீ.க்கு ஏறி, வலிமை 118 ஆகிறது. அது சரியா?

பதில் 2:
கணக்கு சரி. ஆனால் சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்று பெட்டியில் அளந்து போடும் கலவையை எம் 25 என்று சொல்ல முடியாது; எம் 20 வரைதான் அந்த முறைக்கு விதியில் இடமுண்டு, அதற்கு மேல், சோதித்து விகிதம் முடிவு செய்யும் வடிவமைத்த கலவை வேண்டும். மேலும் நான்கு கம்பிக்கு நடுவே கிடைப்பது 33 மி.மீ. சந்துதான்; 20 மி.மீ. ஜல்லி இறங்கும், 40 மி.மீ. வைப்ரேட்டர் ஊசி இறங்காது. உயரத்துக்குத் தடை இல்லையென்றால் பீமை 550 ஆக்குங்கள். மூன்று கம்பியே 116.1 தரும், கூடும் சுய எடையையும் சேர்த்துத் தேவை 110.7தான்.

பதில் 1:
நானும் அதையே சொல்வேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நம் பக்கத்தில் கவர் பிளாக் தீர்ந்துவிட்டால் செங்கல் துண்டை அடியில் கொடுத்துவிடுகிறார்கள். கம்பி 20 மி.மீ. மேலேறினால் 116.1 என்பது 110.8 ஆகிவிடும், கையிருப்பு எதுவும் மிஞ்சாது. கான்கிரீட் போடும் காலையில் நீங்களே குனிந்து டேப்பை வைத்து அளந்து பாருங்கள்.