அப்பா சொன்ன வளைவில்தான் விரிசல்

காலை 6.41 (இந்திய நேரம்)

அண்ணன்: அப்பா, எழுந்துவிட்டீர்களா? அரிசோனாவில் பிளாக்ஸ்டாஃப் வந்து சேர்ந்துவிட்டோம். நாளை மறுநாள் கிராண்ட் கேன்யன். நாங்கள் தங்கிப் பயணிக்கும் கேரவன் வண்டியில் ஒரு சிக்கல். ஃபிரிட்ஜுக்குக் கீழே தரை ஈரமாக இருக்கிறது. ஓரத்தில் பலகை லேசாக உப்பியிருக்கிறது.

அண்ணி: இரண்டு நாட்களாகவே நனைந்த மரத்தின் வாடை மாமா. பிள்ளைகள் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். இன்று காலுறையோடு நின்றபோது பாதம் நனைந்துவிட்டது.

அப்பா: எழுந்து காபியும் குடித்தாகிவிட்டது. முதலில் இதைச் சொல். அம்மோனியா நெடி மூக்கில் ஏறுகிறதா?

அண்ணன்: இல்லை. மர வாடை மட்டும்தான்.

அப்பா: நல்லது. வெளிச்சுவரில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கீழே ஒரு காற்றுத்துளைக் கதவு இருக்கும். அதைத் திறப்பதற்கு முன் காஸ், 120 வோல்ட் மின்சாரம், 12 வோல்ட் பாட்டரி இணைப்பு மூன்றையும் நிறுத்து. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மறந்துவிடாதே. ஃபிரிட்ஜின் அடியில் எரியும் பர்னர் ஆறும்வரை பொறு. பிறகு குழாய்களில் மஞ்சள் பொடி படிந்திருக்கிறதா என்று பார்.

அம்மா: பிள்ளைகள் உள்ளேயா இருக்கிறார்கள்? வெளியே அனுப்பு தம்பி.

அண்ணி: பைன் மரத்தடியில் விளையாடுகிறார்கள் அத்தை. பயப்படாதீர்கள்.

நான்: மஞ்சள் பொடி எதற்கு வருகிறது அப்பா? நம் வீட்டு ஃபிரிட்ஜில் பார்த்ததே இல்லையே.

அப்பா: நம் வீட்டில் இருப்பது கம்ப்ரசர் வைத்தது. அண்ணன் வண்டியில் இருப்பதில் கம்ப்ரசரே கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் மூடிய இரும்புக் குழாய்க்குள் சுற்றும். அடியில் சூடு கொடுத்தால் மேலே குளிரும். உள்ளே துரு பிடிக்காமல் இருக்கக் குரோமேட் உப்பு கலந்திருப்பார்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் அது மஞ்சளாக வெளியே படியும். அப்படி இருந்தால் நாம் கை வைக்கக் கூடாது. 1922-இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய முறை இது.

சித்தப்பா: அண்ணே, வால்பாறையில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ் ஒன்று இருந்ததே, அதுவும் இதுதானே?

அப்பா: அதேதான். நான் தொழில் பழகிய முதல் வருடம். இடம் மாற்றி வைத்ததும் குளிர்ச்சி போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். மேஸ்திரி திரியைக்கூடத் தொடவில்லை. மேலே ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலுக்கு அடியில் பலகைத் துண்டைச் செருகினார். மறுநாள் காலை பனிக்கட்டி பிடித்திருந்தது. உள்ளே திரவம் தானாக இறங்கி ஓடவேண்டும், சாய்வாக நின்றால் தேங்கிவிடும். தம்பி, வண்டியைச் சமமாகத்தானே நிறுத்தியிருக்கிறாய்?

காலை 7.20

அண்ணன்: சமமாகத்தான் நிற்கிறது அப்பா. கதவைத் திறந்துவிட்டேன். மஞ்சள் எதுவும் இல்லை. படம் அனுப்பியிருக்கிறேன்.

அப்பா: பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே வெள்ளை பிளாஸ்டிக் முனையிலிருந்து ஒரு ஹோஸ் இறங்குகிறது. வளையும் இடத்தில் பழுப்பேறியிருக்கிறதே, அங்கே விரலால் அழுத்து.

அண்ணன்: அப்பளம் போல ஒடிந்துவிட்டது! அடிப்பலகை முழுக்க ஈரம்.

அப்பா: அதுதான். உள்ளே அலுமினியத் தகடுகளில் பிடிக்கும் பனி உருகி, அடியில் இருக்கும் சின்ன டிரேயில் விழும். நம் வீட்டில் அந்தத் தண்ணீர் கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டுக்குப் போய்ச் சூட்டில் ஆவியாகிவிடும். உன் வண்டியில் இந்த ஹோஸ் வழியாக வெளியே சொட்டவேண்டும். பின்பக்கச் சூட்டிலும், துளை வழியே விழும் வெயிலிலும் பிளாஸ்டிக் மொறுமொறுத்துப் போயிருக்கிறது.

நான்: இப்போதைக்கு டேப் சுற்றினால் போதாதா?

அப்பா: கூடாது. அந்தச் சூட்டில் பசை இளகிவிடும். சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் இவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், அடியில் பலகை மக்கும். ஹோஸ் சில டாலர்தான். தரையை மாற்றுவது என்றால் ஃபிரிட்ஜையே கழற்றவேண்டும். ஒடிந்த துண்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போ. அதே உள்விட்டம் வேண்டும். சிலிக்கான் கிடைத்தால் வாங்கு, சாதாரண பிளாஸ்டிக்கைவிடச் சூடு தாங்கும். தாங்கும் என்றாலும் பர்னரிலிருந்தும் புகைக்குழாயிலிருந்தும் தள்ளியே இறக்கு.

சித்தப்பா: தண்ணீர் இவ்வளவு வருவதற்கும் காரணம் இருக்கவேண்டுமே?

அண்ணி: டெக்சாஸில் கால்வெஸ்டன் கடற்கரையில் ஒரு வாரம் தங்கினோம் மாமா. ஒரே புழுக்கம். பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்தார்கள்.

அப்பா: ஈரக் காற்று உள்ளே போனால் பனியாகத்தான் பிடிக்கும். மருமகளே, கதவு ரப்பரையும் பார்த்துவிடு. ஒரு டாலர் தாளை வைத்துக் கதவை மூடி இழு. பிடித்துக்கொள்ளவேண்டும். சுற்றிலும் இப்படிப் பார்.

இரவு 10.05

அண்ணன்: மாட்டிவிட்டேன் அப்பா! சிலிக்கான் ஹோஸ் கிடைத்தது. முனையில் ஏற மறுத்தது, சோப்புத் தண்ணீர் தடவியதும் ஏறிவிட்டது. கிளாம்ப் போட்டிருக்கிறேன்.

அப்பா: கிளாம்பை இறுக்கித் தள்ளவில்லையே? அந்த முனையும் பழைய பிளாஸ்டிக், கீறிவிடும்.

அண்ணன்: கையால் பிடிக்கும் அளவுக்குத்தான் திருகினேன்.

அப்பா: எங்கும் தொய்யாமல் சரிவாக இறங்கட்டும். வெளியே வரும் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு வளைவு விடு. அதில் நிற்கும் தண்ணீர் வெளிக்காற்று ஏறாமல் அடைத்துக்கொள்ளும். எறும்பும் சிலந்தியும்கூட வராது. பிறகு டிரேயில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்று.

அண்ணி: ஊற்றினேன் மாமா. சின்னவன் வெளியே குந்தி உட்கார்ந்து சொட்டுகளை எண்ணினான். நாற்பத்து மூன்று வரை எண்ணிவிட்டு ஓடிவந்து சொன்னான். டாலர் தாள் கீழ் மூலையில் மட்டும் நழுவியது. ரப்பரில் பாகு ஒட்டியிருந்தது, வெந்நீரில் துடைத்ததும் பிடித்துக்கொண்டது.

அம்மா: என் தங்கம். அவனுக்கு ஏதாவது சாப்பிடக் கொடு.

அப்பா: பலகையை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்த்தாயா?

அண்ணன்: உப்பிய ஓரம் மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. மற்ற இடம் கெட்டி. மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

அப்பா: இன்று முழுவதும் ஓடட்டும். கேன்யன் போய் வண்டியை நிறுத்தியதும் கதவைத் திறந்து கிளாம்பைத் தொட்டுப் பார், அதிர்வில் தளர்ந்திருக்கும். படம் அனுப்பு, நான் விழித்திருப்பேன். அதற்குப் பிறகு பள்ளத்தாக்கைப் பார்க்கப் போ.