சங்கீதம் 14-ல் வரும் ‘மதிகேடன்’: எபிரெயத்தில் என்ன வார்த்தை?

காட்பாடி_அப்பா:
எல்லாருக்கும் தோத்திரம். எபிரெயம் படித்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். என் பையனுக்கு 11 வயது. படிப்பில் மெதுவு, எழுத்துக்கூட்டி வாசிக்கவே நேரம் பிடிக்கும், மற்றபடி தங்கமான பிள்ளை. போன மே மாதம் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தபோது மனப்பாட வசனமாக சங்கீதம் 14:1 கொடுத்தார்கள், “தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்”. இவனுக்கு வாயில் வரவில்லை. சொல்லிக்கொடுத்தவர் மதிகேடன் என்றால் புத்தி மட்டு, மரமண்டை என்று விளக்கம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மற்றப் பிள்ளைகள் இவனை அந்தப் பெயர் வைத்தே கூப்பிடுகிறார்கள். ஒருநாள் ராத்திரி படுத்துக்கொண்டே, “அப்பா, நான் சாமி இல்லைன்னு சொல்லவே இல்லையே, அப்புறம் ஏன் நான் மதிகேடன்?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. மூலத்தில் அந்த வார்த்தைக்கு உண்மையிலேயே புத்தி குறைந்தவன் என்றுதான் அர்த்தமா?

ஓட்டேரிக்கரை:
இல்லை ஐயா. உங்கள் பையன் கேட்டது சரியான கேள்வி, அதை முதலில் அவனிடம் சொல்லுங்கள்.

அங்கே வரும் எபிரெயச் சொல் ‘நாபால்’. 1 சாமுவேல் 25-ல் ஒருவனுக்குப் பெயராகவே வருகிறதே, அதே சொல்தான். அந்த ஆளை யோசித்துப் பாருங்கள். மூவாயிரம் செம்மறியாடு, ஆயிரம் வெள்ளாடு வைத்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போய் நாலு மாட்டை ஏமாறாமல் வாங்கி விற்கிறவனுக்கே எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும், இவன் நாலாயிரம் உருப்படியைக் கட்டி ஆண்டவன். கணக்கில் புலி. அவனுடைய மேய்ப்பர்களுக்கு வனாந்தரத்தில் ராவும் பகலும் மதிலாக இருந்த தாவீதின் ஆட்கள் மயிர் கத்தரிப்பு நாளில் வந்து சாப்பாடு கேட்டபோது, தாவீது யார், என் அப்பத்தையும் தண்ணீரையும் எடுத்து எவனுக்கோ கொடுப்பேனா என்று துரத்திவிட்டான். துரத்திவிட்டு வீட்டில் ராஜவிருந்து. அவன் மனைவி அபிகாயில் அவனைப்பற்றி, “அவன் பெயர் நாபால், அவனிடத்தில் பயித்தியமும் இருக்கிறது” என்று சொல்வதாக நம் வேதாகமத்தில் இருக்கிறது. மூலத்தில் அந்தப் ‘பயித்தியம்’ என்ற இடத்தில் இருப்பது ‘நெபாலா’, ஒரே வேர். நாபால் என்று பேர், நெபாலா அவன் கூடவே இருக்கிறது என்று அவள் சொல்லும் சொல்விளையாட்டு தமிழுக்கு வரும்போது காணாமல் போய்விட்டது.

அந்த நெபாலா வேறு எங்கே வருகிறது என்று பாருங்கள். தாவீதின் மகன் அம்னோன் பலாத்காரம் பண்ண வரும்போது அவன் தங்கை தாமார், இப்படிப்பட்ட மதிகேடான காரியத்தைச் செய்யவேண்டாம் என்று கெஞ்சுகிறாளே, 2 சாமுவேல் 13:12, அதுதான். யாக்கோபின் மகள் தீனாள் கெடுக்கப்பட்டதை ஆதியாகமம் 34 சொல்வதும் அதே வார்த்தையில். ஊரே கூசிப்போகும் அக்கிரமத்துக்கு அவர்கள் வைத்திருந்த பேர் அது. ஒரு குழந்தைக்கு வாசிக்க வராததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஏசாயா 32:6 ஏறக்குறைய அகராதி மாதிரியே சொல்லிவிடுகிறது. தமிழில் அங்கே ‘மூடன்’ என்று போட்டிருந்தாலும் மூலத்தில் நாபால்தான். பசித்தவனை வெறும் வயிற்றோடு விடுகிறவன், தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காதவன். இதை மனதில் வைத்துக்கொண்டு சங்கீதம் 14-ஐ 4-ஆம் வசனம் வரைக்கும் படியுங்கள், அப்பம் தின்பதுபோல் என் ஜனத்தைத் தின்கிறார்களே என்று வரும். கேட்க ஆள் இல்லை, தேவன் பார்க்கமாட்டார் என்ற தைரியத்தில் ஏழையை விழுங்குகிறவன்தான் அந்த மதிகேடன்.

குடியாத்தம்_தமிழாசிரியை:
நான் கிறிஸ்தவள் இல்லை, எபிரெயமும் தெரியாது, ஆனால் தமிழ்ப் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். மதிகேடன் என்ற சொல்லிலேயே ‘கேடு’ இருக்கிறது. மதி குறைந்தவன் வேறு, இருக்கிற மதியைக் கெடுத்துக்கொண்டவன் வேறு. குறளிலும் பேதைமை என்று ஒரு அதிகாரமே உண்டு. அதில் 833-ஆம் குறள் பேதையின் தொழில் என்று எதைச் சொல்கிறது? நாணாமை, நாடாமை, நாரின்மை, யாதொன்றும் பேணாமை. வெட்கப்பட வேண்டியதற்கு வெட்கப்படாதது, தேட வேண்டியதைத் தேடாதது, அன்பில்லாதது, பேண வேண்டிய எதையும் பேணாதது. நார் என்றால் அன்பு. இந்த நான்கில் எது உங்கள் பையனிடம் இருக்கிறது? முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், பக்கத்துப் பிள்ளை அழுதால் முதலில் எழுந்து போவது பெரும்பாலும் அவர்கள்தான், நான் பார்த்திருக்கிறேன்.

ஆற்காட்டான்:
தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. பிள்ளையின் நெஞ்சில் மதியீனம் ஒட்டியிருக்கும், பிரம்பு அதை அகற்றும் என்று நீதிமொழிகள் 22:15-ல் இருக்கிறதே? அதுவும் நாபாலா? எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் அடிக்கும்போதெல்லாம் இந்த வசனத்தைத்தான் சொல்வார்கள்.

ஓட்டேரிக்கரை:
நல்லவேளை கேட்டீர்கள் தம்பி. அது வேறு சொல், ‘இவ்வெலெத்’. சொன்ன பேச்சைக் கேட்காத முரட்டுத்தனம், திருத்தினால் முறைக்கிற குணம். அதுவும் அந்த வசனம் பொதுவாகப் பிள்ளை என்றுதான் சொல்கிறது. மடமடவென்று வசனம் ஒப்பிக்கிற பிள்ளையின் நெஞ்சிலும் அது உண்டு, மெதுவாகப் படிக்கிறவனை மட்டும் கூப்பிட்டு அடிக்க அதில் இடமே இல்லை.

எபிரெயத்தில் இதற்கு ஏகப்பட்ட வார்த்தைகள். நீதிமொழிகள் 1:22 ஒரே வசனத்தில் மூன்று வரும். பேதை என்பது ‘பெத்தி’, நிந்தனைக்காரன் ‘லேட்ஸ்’, மதியீனன் ‘கெசில்’. கெசில் பட்டாலும் திருந்தாதவன், நாய் கக்கினதற்குத் திரும்புவதுபோல என்று 26:11 சொல்வது அவனைத்தான். லேட்ஸ் எதையும் கேலி பண்ணுகிறவன். பெத்தி மட்டும்தான் ஒன்றும் அறியாதவன், யார் எது சொன்னாலும் நம்பிவிடுகிறவன். திறந்த கதவு மாதிரி. நல்லதும் நுழையலாம், கெட்டதும் நுழையலாம், அதனால்தான் நீதிமொழிகள் அவனை வாவா என்று கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கிறது.

காட்பாடி ஐயா, இது உங்களுக்கு. சங்கீதம் 116:6-ல் “கர்த்தர் கபடற்றவர்களைக் காக்கிறார்” என்று இருக்கிறதே, அந்தக் ‘கபடற்றவர்கள்’ மூலத்தில் இதே பெத்திதான், பன்மையில். நீதிமொழிகளில் பேதை என்று மொழிபெயர்த்த சொல்லையே இங்கே கபடற்றவர்கள் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த மொழிபெயர்ப்பு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் இன்னொன்று. சபையில் பிள்ளைகளை மூடனே என்று கூப்பிடுகிறவர்கள் மத்தேயு 5:22-ஐ ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும், சகோதரனை மூடனே என்கிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாவான் என்று இயேசு சொல்லும் இடம் அது.

காட்பாடி_அப்பா:
ரொம்ப நன்றி, எல்லாருக்கும். டீச்சரம்மா, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், அழுதுவிட்டாள்.

நேற்று ராத்திரி பையனோடு உட்கார்ந்து 1 சாமுவேல் 25-ஐ வாசித்தோம். பாதி அவன், பாதி நான், ஒரு மணி நேரம் ஆனது. நாபால் சோறு இல்லை என்று துரத்திவிட்ட இடத்தில் நிறுத்தி, “இவன்தாம்ப்பா மதிகேடனா?” என்றான். ஆமாம் என்றேன். அப்புறம் அபிகாயில் 200 அப்பமும் 200 அத்திப்பழ அடையும் கொண்டுபோனதைப் படித்துவிட்டு, இவ்வளவுக்கும் எத்தனை கழுதை வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த ஆசிரியரைத் தனியாகப் பார்த்துப் பேசப்போகிறேன். ஏசாயா 32-ல் சீட்டு வைத்திருக்கிறேன்.